சுனாமியில் மகனைப் பறிகொடுத்த அம்மாவுக்கு இப்போது மறதி: இது நோயின் தொடக்கமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"டொக்டர், நாங்கள் காரைதீவுப் பக்கம். அம்மாவுக்கு 64 வயது. 1990 இல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. 2004 சுனாமியில் என் தம்பி அம்மாவின் பிடியிலிருந்து நழுவிப் போய்விட்டான். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான நித்திரை இல்லை. மார்கழி பிறந்தாலே ஆள் மாறிவிடுவார். முன்பு ஓடியோடிப் போன கண்ணகி அம்மன் சடங்குக்கும் இப்போது போவதில்லை. ஒரு வருடமாக மறதியும் சேர்ந்துவிட்டது. உலையை வைத்துவிட்டு மறக்கிறார், ஆட்களின் பெயர் சொல்லத் தடுமாறுகிறார். இரவில் கத்திக்கொண்டு எழும்புகிறார், சில நாள் நித்திரையிலேயே கைகாலை உதறி அடிக்கிறார். பார்மசியில் வாங்கும் நித்திரைக் குளிசை இல்லாமல் படுக்கமாட்டார். ஆனால் எங்கள் தெருப் பெண்களின் சீட்டுக் கணக்கு முழுவதும் இன்றைக்கும் அவர் தலைக்குள்தான், ஒரு சதம் பிசகாது. மனவடு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் என்று பேஸ்புக்கில் வாசித்தேன். சுவிசில் இருக்கும் அண்ணா ஞாபகசக்திக் குளிசை அனுப்பியிருக்கிறார், கொழும்புக்குக் கொண்டுபோய் மூளை ஸ்கேன் எடு என்கிறார். அம்மாவுக்கு அறளை பெயர்கிறதா? 17 வயதில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் வருமா?"

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் கேட்டது மறதியைப் பற்றி. ஆனால் கடிதத்தை வாசித்த எனக்கு முதலில் தட்டுப்பட்டது, இருபது வருடத்துக்கு மேலாக ஒரு தாய் நித்திரையில்லாமல் இருக்கிறார் என்பதும், இத்தனை காலத்தில் அவர் ஒரு தடவைகூட மனநலக் கிளினிக்குக்குப் போனதாக ஒரு வரியும் இல்லை என்பதும்தான். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன். இருந்தாலும் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD, கண்ட பயங்கரம் வருடங்கள் கழிந்தும் மனதை விடாத நோய்) என்று நாங்கள் சொல்வது அம்மாவுக்கு இருக்க நிறையச் சாத்தியம் உண்டு. நாளைக்கு மறதி நோய் (டிமென்ஷியா) வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு இன்றைக்கே வைத்தியம் வேண்டும். பேஸ்புக்கில் அந்தச் செய்தியை நீங்கள் வாசிக்காமலே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இது உங்கள் பிழையில்லை. நம் கரையோர ஊர்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு சாவு, ஒரு காணாமல்போதல். எல்லாருக்கும் துக்கம் என்றபடியால் யாருடைய துக்கமும் வருத்தமாகக் கண்ணில் படவில்லை. "மறந்துவிடு, தெய்வத்திடம் விட்டுவிடு" என்று சொல்லச் சொந்தக்காரர் இருந்தார்கள், கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கவில்லை.

சரி, நீங்கள் வாசித்த விஷயத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய முன்னாள் படையினர் 181,093 பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010 இல் வெளிவந்தது. ஏழு வருடத்தில், மனவடு நோய் இருந்தவர்களில் 100 க்கு 10.6 பேருக்கும், இல்லாதவர்களில் 100 க்கு 6.6 பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது. 2020 இல் இதுபற்றிய 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் இருந்தவர்கள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர். கணக்கை ஒன்றுசேர்க்கக்கூடிய ஆய்வுகளைச் சேர்த்தபோது, மனவடு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து 61 சதவீதம் கூடுதல் என்று வந்தது. அதே வருடம் சுவீடனில், கடும் நெருக்கீட்டால் வரும் கோளாறுகள் உள்ள 61,748 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களில் பலரை, அப்படி எதுவும் இல்லாத அவர்களின் கூடப்பிறந்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே இரத்தம். அப்போதும் வித்தியாசம் தெரிந்தது.

61 சதவீதம் என்றதும் நூற்றில் 61 பேருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வையே திருப்பிப் பாருங்கள். மனவடு நோய் இருந்த நூறு பேரில் ஏறத்தாழ 89 பேருக்கு அந்த ஏழு வருடத்தில் மறதி நோய் வரவில்லை. அவர்கள் சராசரியாக 70 வயதை நெருங்கியவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக் காரைதீவுத் தாய் ஒருவர்மேல் வைக்க முடியாது. ஆபத்து கூடுகிறது, உண்மை. அம்மாவுக்கு அது எழுதி வைத்த விதி என்று எடுத்துக்கொள்ள இந்த ஆய்வுகளில் இடமில்லை.

ஏன் கூடுகிறது? பல வழிகள் இருக்கின்றன, எல்லாம் முடிந்த முடிவல்ல. தொடர்ந்து வெருட்சியில் இருக்கும் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பின் ஒழுங்கு குழம்புகிறது. புதிய ஞாபகங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதி அதனால் எளிதில் பாதிக்கப்படுவது. மனவடு நோய் உள்ளவர்களில் அந்தப் பகுதி கொஞ்சம் சிறிதாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 2002 இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், போருக்குப் போய் மனவடு நோய் வந்தவருக்கு மட்டுமல்லாமல் போருக்கே போகாத அவருடைய இரட்டைச் சகோதரருக்கும் அது சிறிதாகவே இருந்தது. எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதை லேசில் சொல்லிவிட முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சுவீடன் ஆய்வில், இரத்தக் குழாய் அடைப்பால் வரும் மூளைப் பாதிப்புகளுக்கான ஆபத்து 80 சதவீதம் கூடியிருந்தது. அல்சைமர் போன்ற மற்ற வகைகளுக்கு அது 31 சதவீதம்தான். இதை நம் ஊர் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். வருடக்கணக்காக நித்திரையில்லாதவருக்கு பிரஷர் ஏறும். வெளியே போகாதவருக்கு நடை குறையும், சீனி கூடும். வெற்றிலையோடு புகையிலையும் கூடும். கோயில், கல்யாணவீடு, செத்தவீடு எல்லாம் நின்று போனால் நாலு பேரோடு கதைப்பது நின்றுபோகும். மனவடுவுக்கும் மறதி நோய்க்கும் நடுவில் இத்தனை இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் நாம் கை வைக்கலாம். அம்மாவின் பிரஷரையும் சீனியையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இனி அம்மாவின் மறதி. அந்தச் சீட்டுக் கணக்கை வாசித்தபோது எனக்கு மனம் ஆறியது. யார் எந்த மாதம் சீட்டு எடுத்தார், யார் இந்த மாதம் கட்டவில்லை, கழிவு எவ்வளவு போனது என்பதெல்லாம் மாதாமாதம் மாறுகிற புதிய விபரங்கள். அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட புதிய விபரங்கள்தான். அதைக் கொண்டு மட்டும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடமாட்டேன். ஆனால் நல்ல சகுனம்.

மனவடு நோயில் வரும் மறதி வேறு மாதிரி. வேளாண்மை காக்க இரவில் பரணில் இருந்து யானை வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பவரிடம், பக்கத்தில் இருந்து ஒரு பெயரைச் சொன்னால் எங்கே பதியும்? அம்மாவின் மனம் அப்படித்தான் காவலுக்கு நிற்கிறது. பெயர் உள்ளே போகவே இல்லை, பிறகு எப்படி வெளியே வரும்? இதோடு நித்திரைக் குறைவும் மனச்சோர்வும் சேர்ந்தால் 64 வயதில் மறதி நோய் மாதிரியே தெரியும். வைத்தியம் செய்தால் அது நன்றாகக் குறையும்.

நீங்கள் வீட்டில் சிலவற்றைக் கவனியுங்கள். உலை பொங்கும் சத்தத்தில் "ஐயோ" என்று ஓடுகிறாரா, இல்லாவிட்டால் உலை வைத்ததே தெரியாது என்கிறாரா? முதலாவது கவனக் குறைவு, இரண்டாவதை நான் பாரதூரமாக எடுப்பேன். ஒரே கேள்வியை ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று நாலு தடவை கேட்கிறாரா? நாற்பது வருடம் நடந்த ஒழுங்கையில் வழி தெரியாமல் நின்றதுண்டா? பிட்டு அவிப்பதில் எது முதல், எது பிறகு என்று குழம்புகிறாரா? காசை எங்கேயோ வைத்துவிட்டு உங்களில் ஒருவர் எடுத்ததாகச் சொல்கிறாரா? இன்னொன்று, மறதியைப் பற்றிக் கவலைப்படுவது யார்? "எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை பிள்ளை" என்று அம்மாவே குறைபட்டால் பெரும்பாலும் மனச்சோர்வின் பக்கம் யோசிப்போம். வீட்டார் பதற, அவர் மட்டும் "எனக்கென்ன குறை" என்று இருந்தால் மறதி நோயின் பக்கம் பார்வை போகும்.

இரவில் கைகாலை உதறுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். அதை நான் லேசாக விடமாட்டேன். சாதாரணமாகக் கனவு காணும்போது உடம்பு தளர்ந்து அசையாமல் கிடக்கும். அந்தத் தளர்வு வராமல் கனவுக்கேற்றபடி அடிக்கிற, உதைக்கிற ஒரு நித்திரைக் கோளாறு இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கும், அதோடு சேர்ந்த ஒருவகை மறதி நோய்க்கும் பல வருடம் முன்பாகவே அது தலைகாட்டலாம். மனவடு நோயின் பயங்கரக் கனவுகளிலும் இதே மாதிரி உதறல் வரும், ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் பிரித்தறிய வேண்டும். முடிந்தால் ஒரு இரவு போனில் வீடியோ எடுத்து வைத்து டொக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் கேட்கும் பத்துக் கேள்வியைவிட அது உதவும். கை நடுக்கம், நடை மெதுவாவது, மணம் தெரியாமல் போவது, இல்லாத ஆட்களைக் காண்பது இவற்றில் ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கனவுகள் எப்போதும் இருந்தவையா, அல்லது இந்த ஒரு வருடத்தில் கூடிவிட்டனவா என்பதும் முக்கியம். மறதி நோய் தொடங்கும்போது, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த பழைய பயங்கள் கட்டவிழ்ந்து திரும்பி வருவதுண்டு. ஆய்வுகளில் மறதி நோய்க்கு முன்னே மனவடு நோய் வந்ததாகத் தெரிவதில் ஒரு பகுதி, தொடங்கிவிட்ட மறதி நோயே பழைய பயங்களைக் கிளப்பியதாகவும் இருக்கலாம்.

அடுத்தது நித்திரைக் குளிசை. இதில் எனக்குக் கோபமும் கவலையும் உண்டு. பார்மசியில் துண்டு இல்லாமல் வாங்கி வருடக்கணக்காகப் போடுவது பெரும்பாலும் டயஸிபாம், குளோனசிபாம் வகைதான். அவை ஞாபகத்தை மழுக்கும், கவனத்தைக் குறைக்கும், வயதானவர்களை இரவில் விழுத்தும். மனவடு நோய்க்கு அவை மருந்துமல்ல. அம்மாவின் இந்த ஒரு வருட மறதியில் ஒரு பங்கு இந்தக் குளிசையினுடையதாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். ஆனால் இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம். டொக்டரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சளி, தும்மலுக்கு அடிக்கடி போடும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவையும் வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்பக்கூடியவை. வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசை மட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

அண்ணாவின் ஞாபகசக்திக் குளிசையும் அந்தப் பையில் இருக்கட்டும். அண்ணா தூரத்தில் இருந்து செய்யக்கூடியதைச் செய்திருக்கிறார், அந்த அன்பைக் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட குளிசைகளில் பெரிதாக விற்பது ஜிங்கோ இலைச் சாறு. அமெரிக்காவில் 3,069 முதியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அதையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையையும் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008 இல் முடிவு வந்தது. அந்தக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல மூக்குக்கண்ணாடி, தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி வாங்கலாம். கேட்காத காதும் தெரியாத கண்ணும் மறதி நோயின் ஆபத்தைக் கூட்டுபவை.

கொழும்பு ஸ்கேனுக்கும் அவசரம் இல்லை. ஒருவருக்கு மனவடு நோய் இருக்கிறதா என்று ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டோ, சறுக்கி விழுந்தோ இருந்தால், ஒரு பக்கம் பலம் குறைந்தால், மறதி வாரக்கணக்கில் வேகமாகக் கூடினால் உடனே எடுக்க வேண்டும். மற்றபடி முதலில் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கோ போய் மனநலக் கிளினிக்கில் காட்டுங்கள். காசு இல்லை. திகதி, இடம் கேட்பார்கள், மூன்று சொல்லைச் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்பார்கள், மணிக்கூடு கீறச் சொல்வார்கள். அம்மா எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பதை முன்னமே சொல்லிவிடுங்கள், குறைந்த படிப்புள்ளவர்களுக்கு அந்தச் சோதனையில் புள்ளி குறைவாக வருவது வழக்கம். தைரொயிட், விற்றமின் பி12, சீனி, இரத்தச்சோகை இவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள். இவற்றில் ஒன்று பிசகியிருந்தாலே மறதி வரலாம், சரிசெய்தால் குறையலாம்.

மனவடு நோய்க்கு வைத்தியம் என்றால் என்ன? பயிற்சி பெற்ற ஒருவரோடு, ஒழுங்கான முறையில், நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லி, அது முடிந்துபோன ஒன்றாக மனதில் இடம்பிடிக்கச் செய்வது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு இப்படியான முறையையும் தியானம், தளர்வுப் பயிற்சி முறையையும் ஒப்பிட்டு 2009 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டிலும் பெரும்பான்மையான பிள்ளைகள் தேறினார்கள். பெரியவர்களுக்கும் இந்த முறைகள் உதவும், இருபது வருடம் கழிந்த பிறகும் உதவும். செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் உண்டு, குணம் தெரியச் சில வாரம் எடுக்கும். மனவடுவைக் குணப்படுத்தினால் மறதி நோய் வராது என்று நிரூபித்த ஆய்வு இன்னும் இல்லை, அதை ஒளிக்கமாட்டேன். ஆனால் நான் சொன்ன அந்த 2020 தொகுப்பில், முன்னாள் படையினரைவிடப் பொதுமக்களில் ஆபத்து கூடுதலாக, இரண்டு மடங்கைத் தாண்டி இருந்தது. படையினருக்குச் சிகிச்சை கூடுதலாகக் கிடைத்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம்மவர்கள் எந்தச் சிகிச்சையும் கிடைக்காத பொதுமக்கள். அதுதான் என் மனதை உறுத்துகிறது.

வீட்டில் நீங்களாக அந்த நாளைப் பற்றித் தோண்டிக் கேட்காதீர்கள். அம்மா தானாகச் சொன்னால் கதையை மாற்றாமல் இருந்து கேளுங்கள், தம்பியின் பெயரைச் சொல்ல வீட்டில் யாரும் கூச்சப்பட வேண்டாம். இரவில் கத்திக்கொண்டு எழும்பினால் இருட்டில் போய்ப் பிடிக்காதீர்கள், உங்களையே கடலென்று நினைத்து உதறுவார். லைற்றைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, "அம்மா, நான்தான், நாம் வீட்டில் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றச் செய்து குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். மார்கழி வரும்போது, வாடைக் காற்றும் கடல் இரைச்சலும் கூடுகிற அந்த வாரங்களில் அவரைத் தனியே விடாதீர்கள். நினைவேந்தலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். வைகாசிச் சடங்குக்கு ஒரு நாளாவது, கூட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப்போங்கள், பழைய ஆட்களைக் கண்டால் கதை தானாக வரும். சீட்டுக் கணக்கை மட்டும் தயவுசெய்து அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாக உங்கள் கேள்வி. உங்களுக்கு வருமா? சுனாமியைப் பார்த்தவர் என்பதற்காக மட்டும் வராது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பயங்கரத்தைக் கண்டவர்களைப் பற்றியவை அல்ல, அதன் பிறகு நோய் வந்தவர்களைப் பற்றியவை. கண்டவர்களில் பெரும்பான்மையானவர்களுக்கு மனவடு நோய் வருவதில்லை. உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் நித்திரையை இவ்வளவு விபரமாக எழுதிய நீங்கள் உங்கள் நித்திரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடற்கரைக்குப் போகிறீர்களா? சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா? அம்மாவைப் பார்க்கும் வேலையில் இதையெல்லாம் பின்னுக்குத் தள்ளியிருந்தால் இப்போது முன்னுக்குக் கொண்டு வாருங்கள். 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொன்னது. பிரஷர், நீரிழிவு, கொலஸ்ட்ரோல், மனச்சோர்வு, தனிமை, உடலுழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பலவற்றை நாற்பதுகளிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும், நீங்கள் அந்த வயதுக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள்.

அம்மா மனநலக் கிளினிக் என்றதும் "எனக்கென்ன விசரா" என்று மறுக்கக்கூடும். நித்திரைக்காகக் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யுமில்லை. அப்படியும் வரமாட்டேன் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுத்துத் தமிழில் கேளுங்கள், இரவிலும் எடுக்கலாம். கிளினிக்குக்குப் போகும் நாளில் அம்மாவின் பெயரோடு உங்கள் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்.